குதிரை சும்மா கிடைக்கலாம்... வளர்க்க எவ்வளவு ஆகும்?

"குதிரைய சும்மாவே தர்றாங்களாம், தெரியுமா? வாங்கிடலாம்னு பார்க்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் என் அண்ணன் சொன்னது இது. அவருடைய மகளுக்கு 12 வயது. இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் குதிரையேற்ற வகுப்புக்குப் போகிறாள். பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற 7 வயதுக் குதிரை ஒன்றுக்கு வீடு தேடுகிறார்கள் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். விலை கிடையாது. நல்ல இடம் கிடைத்தால் போதுமாம்.

அண்ணி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "சரி, மாசா மாசம் எவ்வளவு?"

மேசையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். அதன் பிறகு விசாரித்து, படித்து, கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி ஏன் இப்போது?

சிங்கப்பூரில் "குதிரை வைத்திருக்கிறார்" என்றால் பல காலமாக அதற்கு ஒரே அர்த்தம்தான்: பந்தயக் குதிரை. முதல் பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில் இருந்தது. லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறோமே, அந்த ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அதனால்தான் அந்தப் பெயர். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. 1999இல் கிராஞ்சிக்குப் போனது. குதிரைகளைப் பராமரித்த சைஸ்களில் தமிழர்களும் இருந்தார்கள். நமக்கும் அந்த வரலாற்றில் பங்கு உண்டு.

2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. 1842இல் தொடங்கிய வரலாறு அன்று முடிந்தது. 2027 மார்ச் மாதத்துக்குள் அந்த நிலம் அரசாங்கத்திடம் திரும்பப் போகிறது.

பந்தயம் இருந்தபோது உரிமையாளர்கள் மாதாமாதம் பயிற்றுநருக்குப் பணம் கட்டினார்கள். ஜெயித்தால் பரிசுப் பணம் வரும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. இப்போது ஒருவர் இங்கே குதிரை வைத்துக்கொண்டால் அது முழுக்க முழுக்கச் செலவு. வரவு என்று ஒன்று கிடையாது.

பந்தயக் குதிரை ஓய்வுபெறுவது மனிதர்களைப் போல 60 வயதைத் தாண்டி அல்ல. பல குதிரைகள் 5, 6, 7 வயதிலேயே ஓடுவதை நிறுத்திவிடும். நன்றாகப் பராமரித்தால் ஒரு குதிரை 25 முதல் 30 ஆண்டு வரை வாழும். அண்ணனுக்குக் கிடைக்கும் "இலவசக்" குதிரைக்கு இன்னும் 20 ஆண்டு ஆயுள் இருக்கலாம். அந்த 20 ஆண்டுக்கும் யாராவது பணம் கட்ட வேண்டும்.

கார் வாங்குவது போலத்தானே?

நம் ஊரில் எதற்கும் காரைத்தான் ஒப்பிடுவோம். ஆனால் குதிரை அதற்கு நேர்மாறு.

காருக்கு வாங்கும்போதுதான் வலி. வாகன உரிமைச் சான்றிதழ், வரி, கடன் எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அதன் பிறகு பெட்ரோல், பார்க்கிங், சாலை வரி. வெளியூர் போனால் ஒரு மாதம் கார் சும்மா நிற்கும். பெட்ரோல் செலவு இல்லை. சான்றிதழுக்கு 10 ஆண்டு என்று ஒரு முடிவும் இருக்கிறது.

குதிரைக்கு வாங்கும்போது வலிக்காது. நீங்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது நாளுக்கு மூன்று நான்கு வேளை சாப்பிடும். காலில் அடிபட்டு ஆறு மாதம் யாரும் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் அந்த ஆறு மாதத்தில் செலவு குறையாது, கூடத்தான் செய்யும்.

"யானையைக் கட்டித் தீனி போடுறது" என்று வீட்டில் சொல்வார்கள். யானை வேண்டாம், குதிரையே போதும்.

அப்படி என்னதான் சாப்பிடும்?

பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் ரகக் குதிரை சுமார் 500 கிலோகிராம் இருக்கும். தன் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு அளவுக்கு ஒவ்வொரு நாளும் உலர்ந்த தீனி வேண்டும். அதாவது நாளுக்கு 10 கிலோ. ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்கும் மேல்.

அதில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். குதிரையின் குடல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்தது. மேய்ச்சல் நிலம் இருக்கும் நாடுகளில் இந்தச் செலவில் ஒரு பகுதியைப் புல்வெளியே பார்த்துக்கொள்ளும். நம்மிடம் அது இல்லை. இங்குள்ள குதிரைகள் சாப்பிடும் புல் கப்பலில் வருகிறது. சரக்குக் கட்டணம் ஏறினால் குதிரையின் சாப்பாட்டுச் செலவும் ஏறும்.

(ஊரில் குதிரைக்குக் கொள்ளுதானே போடுவார்கள் என்று அம்மா கேட்டார். இங்கே ஓட்ஸ், தயாரித்த தீவனம் இவைதான் வழக்கம்.)

தண்ணீர் நாளுக்கு 30 லிட்டர் சர்வ சாதாரணம். வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம். வியர்வையில் உப்பு போய்விடுவதால் தீனியோடு உப்பும் கலக்க வேண்டும்.

உள்ளே போனால் வெளியே வர வேண்டுமே. ஒரு குதிரை நாளுக்குச் சுமார் 20 கிலோவுக்கு மேல் சாணம் போடும். அதை அள்ள வேண்டும், தரையில் போட்ட மரத்தூளை மாற்ற வேண்டும், கழிவை ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். இந்த ஊரில் ஆள் என்றாலே செலவு.

பெரிய செலவு எது?

தீனியோ மருத்துவமோ அல்ல. இடம்.

வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம். குதிரையை ஏதாவது ஒரு சங்கத்தின் லாயத்தில்தான் வைக்க வேண்டும். அதற்கு மாதக் கட்டணம். சாப்பாடு, சுத்தம் செய்வது, அன்றாடப் பராமரிப்பு எல்லாம் பெரும்பாலும் அதில் அடங்கும். சில இடங்களில் உறுப்பினர் கட்டணம் தனி.

"அடங்கும்" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்கும்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கூடுதல் தீனி கொடுத்தால் தனிக் காசா? தினமும் குதிரையை வெளியே நடத்திப் போவது சேர்ந்ததா? நீங்கள் வராத நாளில் யாராவது ஓட்ட வேண்டுமென்றால் எவ்வளவு? மருத்துவர் வரும்போது குதிரையைப் பிடித்துக்கொள்ள ஆள் வந்தால் அதற்கும் கட்டணமா? சொல்லும் தொகையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்திருக்கிறதா?

இன்னொன்று. திறந்த புல்வெளி குறைவு என்பதால் நம் ஊர்க் குதிரைகள் நாளில் பல மணி நேரம் லாயத்துக்குள்தான் இருக்கும். அதனால் யாராவது அதைக் கட்டாயம் நடக்கவோ ஓடவோ வைக்க வேண்டும், தினமும். வாரம் ஒரு நாள் வந்து ஓட்டிவிட்டுப் போகிற பிள்ளை என்றால் மீதி ஆறு நாளுக்கு என்ன ஏற்பாடு? அண்ணனிடம் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

இங்குள்ள லாயங்கள் பெரும்பாலும் குத்தகை நிலத்தில் இருப்பதால் அந்தக் குத்தகை எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். கிராஞ்சிக்கே அந்த நிலை வந்தது. புக்கிட் தீமாவில் பழைய பந்தயத் திடல் இருந்த வட்டாரத்தில் அடுத்த 20, 30 ஆண்டுகளில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரை கட்டப் போவதாக 2024இல் அறிவித்தார்கள். வீடு தேவைதான், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் லாயம் இடம் மாறினால் உங்கள் கட்டணமும் மாறும். புதிய இடத்தில் உங்கள் குதிரைக்கு இடம் இருக்குமா என்பதும் தெரியாது.

ஜொகூரில் வைத்தால் மலிவாச்சே?

இருக்கலாம். இடம் அதிகம், ஆள் செலவு குறைவு. ஆனால் இரண்டு விஷயம்.

முதலாவது, குதிரை அங்கே, நீங்கள் இங்கே. கடற்பாலத்தில் சனிக்கிழமை காலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பராமரிப்பு சரியாக நடக்கிறதா என்று பார்க்க நினைத்த நேரத்தில் போய் வர முடியாது. ராத்திரி 2 மணிக்கு உடம்பு சரியில்லை என்று ஃபோன் வந்தால், தொலைபேசியிலேயேதான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, பிறகு இங்கே கொண்டுவரலாம் என்று நினைத்தால் அது எளிதல்ல. குதிரையை நாட்டுக்குள் கொண்டுவர தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் உரிமம் வேண்டும். மருத்துவச் சான்றிதழ், பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று நிபந்தனைகள் உண்டு. எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அவை மாறும். 2020இல் தாய்லந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகள் மடிந்தன. அதே ஆண்டு மலேசியாவிலும் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படி ஒரு சூழல் வந்தால் எல்லை தாண்டுவதே கேள்விக்குறியாகிவிடும்.

தவறாமல் வரும் செலவுகள்

குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, சில குதிரைகளுக்கு இன்னும் சீக்கிரமே, லாடம் அடிப்பவர் வந்து குளம்பைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு 8 அல்லது 9 தடவை. இதைத் தள்ளிப்போட்டால் கால் தசைநாணில் பிரச்சினை வந்து பத்து மடங்கு செலவு வைக்கும். நம் ஈரப்பதத்தில் குளம்பின் அடியில் அழுகல் வருவதும் சகஜம்.

பல்லும் அப்படித்தான். மேயும்போது தேய்வதால் வாழ்நாளில் பெரும்பகுதி வெளியே வளர்ந்துகொண்டே வரும். சீராகத் தேயாவிட்டால் ஓரங்கள் கூர்மையாகி வாயைக் குத்தும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவர் அவற்றை அரத்தால் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். அதோடு தடுப்பூசிகள், குடற்புழு மருந்து.

சேணம் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பந்தயத்துக்குப் பயன்படுத்தும் சேணம் வேறு, சாதாரணமாக ஓட்டுவதற்கு வேறு. அதுவும் அந்தக் குறிப்பிட்ட குதிரையின் முதுகுக்குப் பொருந்த வேண்டும். பந்தயத்தை விட்டுவிட்டுப் புதிய பயிற்சியில் சேரும்போது குதிரையின் தசைகள் மாறும். ஆறு மாதத்துக்கு முன்பு பொருந்திய சேணம் இப்போது முதுகை உறுத்தலாம். நம் ஊரில் தோல் பொருள்கள் பூஞ்சை பிடிப்பது தனிக்கதை.

வெப்பத்துக்கும் பட்ஜெட் வேண்டுமா?

வேண்டும். வெளிநாட்டு இணையத்தளங்களில் இருக்கும் செலவுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

குதிரை நம்மைப் போலவே வியர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் ஆற்றலே குறைந்து போகும், சிலவற்றுக்கு முழுக்க நின்றுவிடும். குளிர்நாட்டுக் குதிரைகளை வெப்பமண்டலக் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுபோன காலத்திலேயே கவனித்த பிரச்சினை இது. தோல் வறண்டு, மூச்சு வாங்கும். உறுதியான மருந்து கிடையாது. மின்விசிறி, தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது, வெயில் ஏறும் முன் வேலையை முடிப்பது, மோசமானால் குளிர்ந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவது. கடைசியாகச் சொன்னதற்கு ஆகும் விமானச் செலவை நினைத்துப் பாருங்கள்.

எதிர்பாராமல் வருவது

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் வாயு சேர்ந்தாலோ குடல் அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ வெளியேற வழியில்லை. இந்த வயிற்றுவலியைக் கோலிக் என்பார்கள். குதிரைகள் இறப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. சாயந்திரம் நன்றாக இருந்த குதிரை நடுராத்திரியில் தரையில் புரளும். பல நேரம் மருந்திலும் நடைபயிற்சியிலும் சரியாகிவிடும். சில நேரம் அறுவை சிகிச்சை ஒன்றே வழி. அமெரிக்காவில் அதற்குப் பொதுவாக ஐந்தாயிரம் டாலருக்குமேல், சிக்கல் வந்தால் பத்தாயிரத்தையும் தாண்டும். முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் சில மணிதான். அந்த நேரத்தில் வங்கிக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை என்றால் இன்னும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகப் பரவலாக உண்டு. சிகிச்சைக்கு ஒமிப்ரசோல் பசை, வழக்கமாக நான்கு வாரம். ஆமாம், நம்மில் பலர் கேஸ்ட்ரிக்குக்குப் போடும் அதே மருந்துதான். 500 கிலோ உடம்புக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலில் பழைய காயம், தசைநாண் வீக்கம் இருக்கலாம்.

அதனால் குதிரை இலவசமாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்யாமல் கைநீட்டாதீர்கள். கொடுப்பவர் ஏற்பாடு செய்யும் மருத்துவர் வேண்டாம், நீங்களே ஒருவரைப் பாருங்கள். கால்களுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். செலவாகும்தான். ஆனால் இந்தப் பட்டியலிலேயே வேண்டாம் என்று பின்வாங்க உதவும் ஒரே செலவு அதுதான்.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். குதிரைக்கு வயது ஏற ஏறக் கட்டணம் கூடும், ஒரு வயதுக்குமேல் முழுப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். ஏற்கெனவே இருக்கும் காயங்களைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். காப்பீடு எடுத்தாலும் தனியாக ஓர் அவசர நிதி வேண்டும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் தொகைகள் எந்த லாயத்தின் விலைப்பட்டியலும் அல்ல. கணக்கு எப்படி வளர்கிறது என்று காட்ட நான் வைத்துக்கொண்ட எண்கள். நீங்கள் விசாரித்த தொகைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

லாயக் கட்டணம் மாதம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000. லாடம் ஒரு தடவைக்கு 200 வெள்ளி, ஒன்பது தடவைக்கு 1,800. தடுப்பூசி, பல், பூச்சி மருந்து சேர்த்து 1,500. சேணம், கடிவாளம், கொசு மருந்து, சில்லறைச் சாமான்கள் 1,200. வாரம் ஒரு பயிற்சி 100 வெள்ளி வீதம் 50 வாரத்துக்கு 5,000. அவசர நிதிக்கு மாதம் 300, ஆண்டுக்கு 3,600.

மொத்தம் 37,100 வெள்ளி. மாதத்துக்கு ஏறத்தாழ 3,100.

அண்ணன் இதுவரைக்கும் கேட்டுவிட்டு, "கஷ்டம்தான், ஆனா சமாளிக்கலாம்" என்றார். இரண்டு பேர் சம்பளம், காரை விற்றுவிடலாம், விடுமுறைப் பயணம் வேண்டாம் என்று அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது தெரிந்தது.

நிறைய பேர் நிறுத்திக்கொள்வது இங்கேதான். ஓராண்டுக் கணக்கோடு.

அதே 37,100 வெள்ளியை 20 ஆண்டுக்கு நீட்டினால் 742,000 வெள்ளி. விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்தால் மொத்தம் சுமார் 997,000 வெள்ளி. மில்லியனுக்கு மூவாயிரம்தான் குறைவு. இந்தக் கணக்கில் இருபதாவது ஆண்டில் லாயக் கட்டணம் மட்டும் மாதம் 3,500 வெள்ளியைத் தொடும். மில்லியன் வெள்ளிக்கு விற்ற வீவக வீடு என்றால் செய்தி போடுகிறோம். இங்கே அதே தொகை, விலை இல்லாத ஒரு குதிரைக்கு.

பிற்காலத்தில் பயிற்சிக் கட்டணம் குறையும் என்பது உண்மை. ஓடாத குதிரைக்கு லாடமும் தேவைப்படாமல் போகலாம், குளம்பைச் சீவினால் போதும். ஆனால் வயதான குதிரைக்கு மருத்துவச் செலவும் விசேஷத் தீனியும் கூடும். பல் போன பிறகு காய்ந்த புல்லை மெல்ல முடியாது. தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைக்கு 19 வயது ஆகும்போது?

அண்ணிதான் இதைக் கேட்டார். "அவ யூனிவர்சிட்டி போனா, அப்புறம் யாரு பார்த்துக்கிறது?"

இப்போது மகளுக்கு 12, குதிரைக்கு 7. மகளுக்கு 19 ஆகும்போது குதிரைக்கு 14 வயதுதான். அதற்குப் பிறகும் 10, 13 ஆண்டு அது வாழலாம். மகள் படிக்க வெளிநாடு போகலாம். ஆர்வம் மாறலாம். 14 வயதுக் குதிரையை, அதுவும் காலில் பழைய காயம் உள்ளதை வாங்க யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். இங்கே லாயங்களும் குறைவு, எடுத்துக்கொள்ளக்கூடியவர்களும் குறைவு.

எனவே வாங்கும் நாளிலேயே வெளியேறும் வழிக்கும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். மலேசியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ மேய்ச்சல் நிலத்தில் ஓய்வுக்கு அனுப்புவது ஒரு வழி. அதற்குப் போக்குவரத்து, உரிமம், பரிசோதனைச் செலவு, அங்கே மாதக் கட்டணம் எல்லாம் வரும். அனுப்பிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்காமல், யார் பார்த்துக்கொள்கிறார்கள், படம் அனுப்புவார்களா, பணம் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொல்லக் கஷ்டமான இன்னொன்றும் இருக்கிறது. பல குதிரைகளின் முடிவு மருத்துவர் போடும் ஊசியில்தான் இருக்கும். கால் உடைந்தாலோ வலி தாங்க முடியாமல் போனாலோ அதுதான் இரக்கமான வழி. அதற்கும் கட்டணம் உண்டு. 500 கிலோ உடலைப் புதைக்க நமக்குத் தோட்டம் இல்லை. அதை அப்புறப்படுத்தவும் முறையான ஏற்பாடும் செலவும் தேவை. லாயத்திடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த நாளில் கேட்க மனம் வராது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. குதிரையைச் சொந்தமாக்காமல் குத்தகைக்கு எடுப்பது ஒன்று. பாதிக் குத்தகையும் உண்டு. வாரத்தில் சில நாள் நீங்கள், மீதி நாள் இன்னொருவர். செலவைப் பகிர்ந்துகொள்வீர்கள், ஆண்டு முடிந்ததும் விலகிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குதிரைக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? அது தெளிவாக இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு உதவ வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால் அவற்றை மறுபயிற்சி செய்யும் இடங்களில் வகுப்புக்குப் போவதே ஓர் உதவி. புக்கிட் தீமா சேடல் கிளப் 1951இல் தொடங்கப்பட்டதே பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கத்தான். நீங்கள் கட்டும் வகுப்புக் கட்டணம் ஏதோ ஒரு குதிரையின் புல்லுக்குப் போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு, நீங்கள் கணக்கிட்ட மாதத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, தொடாமல் இருங்கள். அதே ஆறு மாதம், மழையோ வெயிலோ, வாரம் நான்கு நாள் காலை 6 மணிக்கு லாயத்தில் போய் நில்லுங்கள். சாணம் அள்ளுங்கள். முடிந்தால், கையில் அவசர நிதியின் முதல் தவணையும் இருக்கும்.

அண்ணன் இப்போது அந்தப் பரிசோதனையில் இருக்கிறார். மூன்றாவது மாதம். ஒரு தடவை ஏர்கான் பழுதானபோது அந்தக் கணக்கிலிருந்து 600 வெள்ளி எடுத்துவிட்டார். அண்ணி அதை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குதிரைக்கு இன்னும் வீடு கிடைத்ததா என்று மகள் சனிக்கிழமைதோறும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.